நாலாவது சீட்

கையேட்டின் நாற்பத்தோராம் பக்கத்தில் இருந்தது.
சலவைப் படிக்கும் ஈமச் செலவுக்கும் நடுவே
நான்கே வரி:
வேலைக்குப் பொருந்தும் படிப்பென்றால்
கட்டணம் நிறுவனத்தின் பொறுப்பு.

தேடிப் போகவில்லை.
விடுப்புக் கணக்கில் ஒரு நாளை விழுங்கிவிட்டார்கள் என்று
சண்டைக்கு ஆதாரம் புரட்டியபோது
கண்ணில் பட்டது.

காட்கோபர் லேபில் ஒன்பது வருஷம்
குழாய்களுக்குப் பார்கோடு ஒட்டியவள் நான்.
யார் யாருடைய ரத்தமோ
இளஞ்சூடாக வந்து வரிசையில் நிற்கும்.
பெயர் கொடுத்து உள்ளே அனுப்புவேன்.
என் பெயர் பியூலா.
சம்பளச் சீட்டில் 'பேலா' என்று வரும்.
திருத்தச் சொல்லிக் கேட்டதில்லை.

எச்.ஆர். பர்வே சார் கண்ணாடியைக் கழற்றினார்.
"இதை யாரும் கேட்டதே இல்லையே."
கேட்டால் உண்டா சார்?
"எழுதியிருக்கிறதே" என்றார்,
அவரும் அப்போதுதான் படித்தவர் போல.
படிவத்தைக் கண்டுபிடிக்க
அவருக்கு மூன்று வாரம் ஆயிற்று.

முதலில் நீ கட்டு, பிறகு தருகிறோம்.
அறுபதுக்குக் குறைந்தால் அந்தத் தாளுக்கு இல்லை.
முடித்தபின் இரண்டு வருஷம் வேறெங்கும் போகாதே.
இதனால் நிறுவனத்துக்கு என்ன நன்மை?
ஐந்து வரி இடம் விட்டிருந்தார்கள்.
எனக்கு என்ன நன்மை என்று கேட்கும் கட்டம்
எந்தப் பக்கத்திலும் இல்லை.

டோம்பிவிலியில் சீட்டு பிடிக்கும் சொர்ணக்கிளியிடம்
ஏழாயிரம் தள்ளி ஏலம் எடுத்தேன்.
"பிரிட்ஜா, கட்டிலா?"
படிக்க.
"யாரு?"
நான்தான்.
நோட்டை எண்ணிக்கொண்டே
மறுபடியும் "யாரு?" என்றாள்.

காலை ஐந்து பன்னிரண்டு, ஸ்லோ.
மூன்று பேர் பெஞ்சில் நாலாவதாக
அரை இடுப்பு வைக்கலாம் என்று
ரயில்வே எங்கும் எழுதி வைக்கவில்லை.
எல்லோரும் கேட்கிறார்கள்.
'தோடா சரக்னா' என்றால்
முகத்தைப் பார்க்காமலே நகர்கிறார்கள்.
திவாவில் ஏறும் கூட்டம் மேலே சாயும்வரை
புத்தகம் மடியில்.
அதன்பின் தலைக்குமேல்.

மும்ப்ரா ஓடையைத் தாண்டும்போது
திட்ட விலக்கம் புரிந்தது.
இயந்திரம் தினமும் கொஞ்சம் பிசகும்;
சராசரிக்கு மேலே ஒரு நாள், கீழே ஒரு நாள்.
அது பிழையில்லை.
ஒரே பக்கமாய்ப் பிசகிக்கொண்டே போனால்தான்
நிறுத்திவிட்டுச் சோதிக்க வேண்டும்.
ஒன்பது வருஷச் சம்பள உயர்வுகளை
டிக்கெட்டின் பின்புறம் புள்ளி வைத்துப் பார்த்தேன்.
எல்லாம் கோட்டுக்குக் கீழே.

நான்கு தாள். மூன்றாவதில் ஐம்பத்தெட்டு.
இரண்டு மதிப்பெண்ணின் விலை
பதினோராயிரத்து ஐந்நூறு ரூபாய்.
இன்னும் ஆறவில்லை.
தாதரில் அந்தக் கட்டடத்தைக் கடந்தால்
இன்றும் எதிர்ப்பக்கம் பார்த்து நடக்கிறேன்.

மீதிப் பணமும் எளிதில் வரவில்லை.
சான்றிதழில் பியூலா, சம்பளத்தில் பேலா.
இருவரும் ஒருவரே என்று
பர்வே சார் மூன்று கையெழுத்து வாங்கி
ஒன்பது வருஷத்தைத் திருத்தினார்.

இப்போது தரக் கட்டுப்பாட்டில்
சாய்வு உள்ள நாற்காலி.
தானேயில் ஒரு மருத்துவமனை கூப்பிட்டது,
இதைவிட ஒன்றரை மடங்கு.
பதினேழு மாதம் கழித்துக் கூப்பிடுங்கள் என்றேன்.
சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

புதிய கையேடு வந்திருக்கிறது.
அந்தப் பத்தி முப்பத்தெட்டாம் பக்கத்துக்குப் போய்
ஐந்து வரி ஆகியிருக்கிறது:
ஆண்டுக்கு இருவருக்கு மட்டும்.
நஸ்னீனும் வைஷாலியும் விண்ணப்பித்தாயிற்று.
சாம்பிள் பெட்டி சுமக்கும் திலீப்
மேசையோரம் நிற்கிறான்.
"ரெண்டு பேர்தானாமே தீதி?"
பெஞ்சும் மூன்று பேருக்குத்தான் என்றேன்.
கதவில் தொங்கியே வருகிறவன்,
புரிந்ததோ என்னவோ.
படிவத்தை நான்காக மடித்துப்
பையில் வைத்துக்கொண்டான்.